வழக்கொழிந்த ஆங்கிலச் சொற்களும் சொல் விளையாட்டும்

மக்கள் நாவிலும் எழுதுவோர் கையிலும் பயின்றுவந்த ஒரு சொல், காலக்கிரமத்தில் அவ்விரண்டையும் விட்டு நீங்கியபின் எங்கே போகிறது என்னும் வினாவுக்கு மொழிநூலார் பல விடைகள் கூறியிருக்கின்றனர். ஆயினும் ஆங்கிலத்தைப் பொறுத்தமட்டில், அவ்வாறு நீங்கிய சொற்களிற் பல இன்று நடமாடும் இடம் கல்விமான்களின் நூலகமன்று, கட்டங்கள் வரைந்த விளையாட்டுப் பலகையும் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் புதிர்ப் பகுதியுமே ஆகும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் தம் ஆயுளில் ஒருமுறையேனும் பேசியிராத சொல்லை, ஸ்கிராபிள் மேசையின் இருபுறமும் அமர்ந்த ஆட்டக்காரர் சிறிதும் தயங்காமல் எடுத்து வைக்கிறார். எதிரி ஆட்சேபித்தால் அகராதி சாட்சி சொல்கிறது. சாட்சியம் ஏற்கப்பட்டதும் அச்சொல்லுக்குப் பொருள் யாதென்று இருவரும் கேட்பதில்லை. இவ்விதம் வாய்த்த இரண்டாம் பிறவி மெய்யான பிறவிதானா என்பது விசாரிக்கத் தக்கது. தொல்காப்பியர் வகுத்த திரிசொல்லையும் திசைச்சொல்லையும் உரையாசிரியர் துணையின்றி அறிய இயலாத நிலைக்கு வந்துவிட்ட நமக்கு, பிற மொழியாளர் தம் பழஞ்சொற்களை என்ன செய்கின்றனர் என்று பார்ப்பதில் ஒரு தனி ருசியும் உண்டு.

சொற்கள் இறக்கும் வழிகள் பல. சுட்டிய பொருள் மறைந்தமையால் மறைந்தவை சில. நாணயங்களின் பெயர்களும் கவச உறுப்புகளின் பெயர்களும் இவ்வகையின. வேறொரு சொல் வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டமையால் மறைந்தவை மிகப் பல. பழைய ஆங்கிலத்தில் 'எடு' என்னும் பொருளில் வழங்கிய 'நிம்' என்ற வினையை, கடல்கடந்து வந்து குடியேறிய வடநாட்டாரின் 'டேக்' வெளியேற்றிவிட்டது. அதன் இரத்த சம்பந்தம் சுறுசுறுப்பைக் குறிக்கும் 'நிம்பிள்' என்ற அடைமொழியில் எஞ்சியிருக்கிறது. இத்தகைய போட்டி நடைபெற்றுக்கொண்டிருக்கும்போதே அதைக் கண்ணாற் கண்டு எழுதிவைத்தவர், இங்கிலாந்தில் முதன்முதல் அச்சுக்கூடம் நிறுவிய வில்லியம் காக்ஸ்டன். 1490-இல் தாம் அச்சிட்ட ஒரு நூலின் முன்னுரையில் அவர் சொல்லும் கதை இது: தேம்ஸ் நதியில் கப்பலேறி ஜீலாந்துக்குப் புறப்பட்ட வணிகர் சிலர், காற்று அடிக்காமையால் கரையில் தங்க நேர்ந்தது, அவர்களில் ஒருவர் அங்கிருந்த வீட்டுக்காரியிடம் முட்டை வேண்டுமென்று 'எக்ஸ்' என்னும் வடநாட்டுச் சொல்லாற் கேட்க, தமக்குப் பிரெஞ்சு தெரியாதென்று அப்பெண்மணி பதில் சொன்னாள், தாமும் பிரெஞ்சு அறியாத வணிகர் கோபங்கொண்டார், இன்னொருவர் 'எய்ரன்' என்று தென்னாட்டுச் சொல்லை எடுத்துக்கூறிய பின்னரே அவளுக்கு விளங்கியது. முட்டை போன்ற அன்றாடப் பண்டத்துக்கே இக்கதி நேருமாயின் எழுதுகிறவன் எந்தச் சொல்லை எழுதுவது என்று காக்ஸ்டன் அங்கலாய்க்கிறார். இன்று 'எய்ரன்' இறந்துபட்டது. அக்கிழத்தியின் பேரர்களெல்லாம் பரதேசியின் சொல்லையே பேசுகிறார்கள்.

முற்றிலும் இறவாமல் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருப்பனவும் உள. தடை என்னும் பொருளிலிருந்த 'லெட்' என்ற சொல், 'விடு' என்னும் நேர்மாறான பொருளுடைய 'லெட்'டோடு ஒலியில் ஒன்றிப்போனமையால் வழக்கிழந்தது. ஆனால் டென்னிஸ் ஆட்டத்தில் பந்து வலையைத் தொட்டுச் செல்லும்போதும், பிரிட்டிஷ் கடவுச்சீட்டின் வாசகத்திலும் அது இன்னும் பிழைத்திருக்கிறது. இரக்கம் என்று பொருள்பட்ட 'ரூத்' மறைந்து, இரக்கமின்மையைக் குறிக்கும் 'ரூத்லெஸ்' மாத்திரம் செழித்து வாழ்வது மனித சுபாவத்தைப் பற்றி ஏதேனும் சொல்கிறதா என்று நான் ஊகிக்கப் புகவில்லை. நெசவு செய்பவளைக் குறித்த 'வெப்ஸ்டர்' என்ற தொழிற்பெயரை இன்று எவரும் அப்பொருளில் வழங்குவதில்லை. ஆயினும் அமெரிக்காவின் மிகப் பிரசித்தமான அகராதி தன் கர்த்தாவின் குடும்பப் பெயராக அதையே முகப்பில் தாங்கி நிற்கிறது.

இவையெல்லாம் வாழ்ந்து இறந்தவை. வாழாமலே இறந்தவையும் ஆங்கிலத்தில் ஆயிரக்கணக்கில் உண்டு. சொல் விளையாட்டாளர் மிகவும் விரும்புவன இவையே. 16-ஆம் நூற்றாண்டில், லத்தீனும் கிரேக்கமும் கற்ற எழுத்தாளர்கள் தம் தாய்மொழி ஏழ்மையுற்றதென்று கருதி, அவ்விரு மொழிகளினின்றும் சொற்களை அள்ளியள்ளி இறக்கினர். மைக்கூட்டுச் சொற்கள் என்று எதிர்க்கட்சியார் இவற்றைப் பரிகசித்தனர். தாமஸ் வில்சன் 1553-இல் வெளியிட்ட சொல்வன்மை நூலில், இவ்வகைச் சொற்களாலேயே புனைந்த கேலிக் கடிதம் ஒன்றைச் சேர்த்தார். அக்கடிதத்தை இன்று படிக்கும்போது எழுவது வேறு விதமான நகைப்பு. வில்சன் எள்ளி நகையாடிய சொற்களில் 'செலிபிரேட்', 'டெக்ஸ்டெரிட்டி', 'கெப்பாசிட்டி' முதலியன இன்று பள்ளிச் சிறுவரும் அறிந்தவையாகிவிட்டன. அவற்றோடு அருகருகே நின்ற 'இன்ஜென்ட்' முதலியவையோ புழுதியில் மறைந்தன. எது நிலைக்கும் எது மறையும் என்பதை அக்காலத்துப் பேரறிஞராலும் முன்கூட்டி அறிய முடியவில்லை.

எதிர்க்கட்சியார் செய்ததும் சுவாரசியமானதே. கேம்பிரிட்ஜில் கிரேக்கப் பேராசிரியராயிருந்த சர் ஜான் சீக், மத்தேயு சுவிசேஷத்தை இயன்றமட்டும் பிறமொழி கலவாத ஆங்கிலத்தில் பெயர்க்கப் புகுந்து, நூறு வீரர்க்குத் தலைவனை 'ஹண்ட்ரடர்' என்றும், சந்திரனால் சித்தம் பேதலித்தவனை 'மூண்டு' என்றும், உயிர்த்தெழுதலை 'கெயின்ரைசிங்' என்றும் எழுதினார். 1573-இல் ரால்ஃப் லீவர் தர்க்க சாஸ்திரத்துக்கு 'விட்கிராஃப்ட்' என்று பெயரிட்டு, முடிவுரைக்கு 'எண்ட்சே' என்ற சொல்லை ஆக்கினார். தனித்தமிழ் விவாதங்களைக் கேட்டு வளர்ந்த நம்மவருக்கு இவற்றின் தொனி புதிதாகத் தோன்றாது. ஆனால் ஆங்கிலத்தில் அக்கட்சி தோற்றது. அதன் சொற்கள் அகராதியில் அடைக்கலம் புகுந்தன.

அகராதி என்னும் சாதனமே அம்மொழியில் கடினச் சொற்களின் பொருட்டுத் தோன்றியதென்பதை மறத்தலாகாது. 1604-இல் ராபர்ட் காட்ரி என்னும் பள்ளி ஆசிரியர் வெளியிட்ட சிறு நூலே ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்தாற் பொருள் கூறிய முதல் அகராதி. ஏறத்தாழ 2,500 சொற்களைக் கொண்ட அதில் அன்றாடச் சொல் எதற்கும் இடமில்லை. அவரைப் பின்பற்றியவர்களுள் ஹென்றி காக்கரம் என்பவர் 1623-இல் இன்னும் ஒருபடி மேலே சென்று, லத்தீன் அகராதிகளைக் கையில் வைத்துக்கொண்டு, எவரும் பிரயோகித்திராத சொற்களையும் ஆங்கில வேடமிட்டுத் தம் நூலில் நிறுத்தினார். குளிர்காலத்து வெயிலின் கதகதப்பைக் குறிக்கும் 'அப்ரிசிட்டி' அந்நூலில் காணப்படுவது. எத்துணை அழகான கருத்து! அந்தப் பனி நாட்டில் அதற்கொரு தனிச்சொல் அவசியமென்றே எவர்க்கும் தோன்றும். ஆயினும் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அச்சொல்லை ஆண்டவர் அரிதிலும் அரிது.

1755-இல் டாக்டர் ஜான்ஸன் வந்தார். அவர் சான்றோர் பிரயோகத்தையே பிரமாணமாகக் கொண்டவராதலால், முந்தியோர் குவித்த குப்பையிற் பெரும்பகுதியைத் தள்ளினார். எனினும் ஷேக்ஸ்பியர் நாடகமொன்றில் கண்ட 'டிரால்மைடேம்ஸ்' என்ற சொல்லை எடுத்து வைத்து, இதன் பொருள் தமக்குத் தெரியாதென்று அகராதியிலேயே எழுதிவிட்டார். அகராதிக்காரரிடத்தில் இத்தகைய நேர்மையை நான் வேறெங்கும் அதிகம் கண்டதில்லை. அடுத்த நூற்றாண்டில் ஆக்ஸ்போர்டு அகராதி தோன்றக் காரணமாயிருந்ததே பழஞ்சொற்களைப் பற்றிய குறைதான்: 1857-இல் பிலாலஜிகல் சொசைட்டியில் ரிச்சர்ட் செனவிக்ஸ் டிரென்ச் நிகழ்த்திய உரைகளில், வழக்கொழிந்த சொற்களை அகராதிகள் அரைகுறையாகவே பதிந்திருக்கின்றன என்பது முதன்மையான குற்றச்சாட்டுகளில் ஒன்று. ஜேம்ஸ் மர்ரியின் தலைமையில் 1884-இல் முதற்பகுதி வெளிவந்து 1928-இல் நிறைவுற்ற அந்த மகா கிரந்தத்தில், இறந்த சொல் ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு சிறு குத்துவாள் குறி நாட்டப்பட்டிருக்கிறது. ஒரே ஒரு சமயத்துக்கென்று ஆக்கப்பட்டு மறுமுறை ஆளப்படாத சொற்களுக்கு மர்ரி ஒரு தனிப்பெயரே இட்டார். நாளை மறுநாளைக் குறிக்கும் 'ஓவர்மாரோ' அங்கே இருக்கிறது; 1535-இல் கவர்டேல் பெயர்த்த விவிலியத்தில் அது வழங்கியது. நம் முந்தாநாளும் நாளை மறுநாளும் இன்றும் குழந்தைகள் வாயில் வழங்க, ஆங்கிலத்தார் இவற்றை இழந்துவிட்டு, மூன்று நான்கு சொற்களைக் கோத்துக் காரியத்தை நடத்திக்கொள்கிறார்கள்.

அமெரிக்காவில் வேறு விதமான ஏற்பாடு. வெப்ஸ்டர் பெரிய அகராதியின் 1909, 1934-ஆம் ஆண்டுப் பதிப்புகளில் ஒவ்வொரு பக்கமும் குறுக்கே ஒரு கோட்டினால் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. மேற்பகுதியில் வழக்கிலுள்ள சொற்கள், கீழ்ப்பகுதியில் மிகச் சிறிய எழுத்தில் அருகியனவும் ஒழிந்தனவும். சாதாரண வாசகன் கண் அக்கோட்டுக்குக் கீழே இறங்குவதில்லை. புதிர்ப் பித்தர்களோ அங்கேயே வாசம்செய்தனர். 1961-இல் பிலிப் கோவ் பதிப்பித்த மூன்றாம் பதிப்பில், ஜான்ஸனுடைய ஆண்டாகிய 1755-க்கு முன்னரே மறைந்த சொற்களை நீக்குவதென்று விதித்துக்கொண்டு பெருந்தொகையானவற்றைத் தள்ளிவிட்டார்கள். பரணிலிருந்த பழம் பாத்திரங்களை யாரையும் கேளாமல் எடைக்குப் போட்டுவிட்டதைக் கண்ட பாட்டியைப் போலச் சொல் விளையாட்டாளர் துயருற்றனர். 1934-ஆம் ஆண்டுப் பதிப்புக்கு அவர்களிடையே இன்றும் மதிப்புக் குறையவில்லை.

அந்தப் பதிப்புக்கு மதிப்புத் தேடிக்கொடுத்த இன்னொரு சங்கதியும் உண்டு. 'டி' என்ற எழுத்து அடர்த்தியைக் குறிக்கும் சுருக்கமாகப் பெரிய வடிவிலோ சிறிய வடிவிலோ வரலாம் என்று 1931-இல் ரசாயனப் பகுதியின் ஆசிரியர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதியனுப்ப, 'டி ஆர் டி' என்ற அந்தக் குறிப்பை ஒரே சொல்லாக எடுத்துக்கொண்டு, 'டோர்டு' என்றால் அடர்த்தி என்று அச்சிட்டுவிட்டார்கள். சொல்லுக்கு மூலவரலாறு காட்டப்படவில்லையே என்று 1939-இல் ஒரு பதிப்பாசிரியர் சந்தேகிக்கும்வரை அது பெரிய மனிதர்கள் நடுவே கம்பீரமாக வீற்றிருந்தது. இத்தகையவற்றுக்குப் பேய்ச்சொற்கள் என்று 1886-இல் ஸ்கீட் என்னும் பேராசிரியர் பெயரிட்டார். அவர் காட்டிய உதாரணங்களில் ஒன்று இந்தியாவைப் பற்றியது: 1808-இல் 'எடின்பரோ ரிவ்யூ'வில் வந்த ஒரு கட்டுரை, ஹிந்து விரதக்காரர் தம் கைகளில் 'கைம்ஸ்' என்பவற்றைக் குத்திக்கொள்வதாகக் கூறிற்று. அது என்ன ஆயுதமோ என்று வாசகர் மருண்டிருக்கக்கூடும். கத்திகளைக் குறிக்கும் 'நைவ்ஸ்' என்பது அச்சுக்கோப்பவர் கையில் அவ்வுருவம் பெற்றதேயன்றி வேறொன்றுமில்லை. பிழையே நிலைபெற்றுக் காவியத்தில் ஏறியதும் உண்டு. சாஸர் வீரனொருவன் செய்யத் துணிவதைப் பற்றி எழுதிய தொடர், பின்வந்தவர் கையெழுத்திலும் அச்சிலும் சிதைந்து, எட்மண்டு ஸ்பென்சரிடம் வந்து சேர்ந்தபோது 'டெரிங்-டூ' என்ற பெயர்ச்சொல்லாகி வீரச்செயலைக் குறித்தது. ஸர் வால்டர் ஸ்காட் அதைத் தம் நவீனத்தில் ஆளவே, இன்று அது ஐயத்துக்கிடமற்ற ஆங்கிலம்.

இனி விளையாட்டுக்கு வருவோம். 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த ஆல்ஃப்ரெட் பட்ஸ் என்னும் நியூயார்க் கட்டடக்கலை நிபுணர், பத்திரிகைப் பக்கங்களில் எழுத்துகள் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணிப் பார்த்து ஒரு விளையாட்டை அமைத்தார்; 1948-இல் ஜேம்ஸ் புரூனோ அதற்கு ஸ்கிராபிள் என்று பெயரிட்டு விற்பனைக்குக் கொணர்ந்தார். நூறு சில்லுகள், 225 கட்டங்கள். எளிதில் வரும் 'ஈ' பன்னிரண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். அரிதில் வரும் 'க்யூ'வும் 'இசட்'டும் ஒவ்வொன்றே, மதிப்பெண் பத்து. பன்மையாக்கி எளிதில் தப்பித்துக்கொள்ளக் கூடாதென்று 'எஸ்' நான்கு மட்டுமே. பழஞ்சொல்லின் தேவையை இந்தக் கணக்கே உண்டாக்கிவிடுகிறது. கையில் ஏழு சில்லுகளுடன் அமர்ந்தவனுக்கு அவற்றை ஒழிக்கவும், எதிரியின் சொல்லுக்கு அணைவாகத் தன் சொல்லை நெருக்கி வைக்கவும், இரண்டெழுத்து மூன்றெழுத்துச் சொற்கள் இன்றியமையாதன. வழக்கிலுள்ள ஆங்கிலத்தில் அத்தகைய குறுஞ்சொற்கள் அவனுக்குப் போதா. ஆகவே அவன் ஸ்காட்லாந்துக் குடியானவனிடமும், வேல்ஸ் மலைவாசியிடமும், எலிஸபெத் காலத்துக் கவிஞனிடமும் கடன்படுகிறான்.

கடன் கொடுத்த பொக்கிஷம் சேம்பர்ஸ் அகராதி. எடின்பரோவின் சேம்பர்ஸ் பதிப்பகத்தார் 1901-இல் வெளியிட்ட அந்த நூல், ஒரே தொகுதிக்குள் அடங்குவதாயினும், ஸ்பென்சர், ஷேக்ஸ்பியர், மில்டன் ஆகியோரின் அருஞ்சொற்களையும் ஸ்காட்லாந்து வழக்கையும் தாராளமாக ஏற்றுக்கொண்டது. 1988-இல் வெளிவந்த பிரிட்டிஷ் ஸ்கிராபிள் சொற்பட்டியலின் முதற்பதிப்பு அதையே அடிப்படையாகக் கொண்டது; பின்னர் அவ்வதிகாரம் காலின்ஸ் நிறுவனத்துக்குச் சென்றபோதும் பழஞ்சொற்கள் போகவில்லை. 'சி'யும் 'எச்'சும் சேர்ந்து ஒரு சொல்லா என்று ஐயுறுவோர்க்கு விடை இருக்கிறது: தென்மேற்கு இங்கிலாந்தின் கிராமத்தார் 'நான்' என்பதற்கு 'இச்' என்று வழங்கி, அதைக் குறுக்கி வினையின் முன்னே ஒட்டிப் பேசினர்; 'லியர் மன்னன்' நாடகத்தில் குடியானவன் வேடம் பூண்ட எட்கர் அப்படித்தான் பேசுகிறான். அந்த எளியவனுடைய தன்மைப் பெயர் இன்று உலகப் போட்டிகளில் செல்லும். வட அமெரிக்காவின் தனிப்பட்டியலில் மட்டும் செல்லாது. 2019-ஆம் ஆண்டுக் காலின்ஸ் பட்டியலில் இரண்டெழுத்துச் சொற்கள் 127. அமெரிக்கர் அவற்றில் இருபதை ஒப்புக்கொள்வதில்லை. 'ஓடு' என்று ஒலிக்கும் 'ஓ-டி' இரு பட்டியல்களிலும் உண்டு. காந்தம், ஒளி, மனித உடல் யாவற்றிலும் ஊடுருவி நிற்பதாக ரைஹன்பாக் பிரபு 1840-களில் கற்பித்த ஒரு சக்தியின் பெயர் அது. அச்சக்தி இல்லையென்று விஞ்ஞானம் தள்ளிவிட்டது. சொல்லுக்கு மூன்று மதிப்பெண் நிச்சயம்.

'ஜாக்ஸ்' என்பதும் இவ்வாறே. கூரைக்கான கற்பலகையை வெட்டித் துளையிடும் கருவி. சாக்ஸன் இனத்தாருக்குப் பெயர் தந்ததாகக் கருதப்படும் பழங்காலக் கத்தியின் வழித்தோன்றல் அது. மூன்றே சில்லுகளில் பத்தொன்பது மதிப்பெண். வேல்ஸ் மொழியினின்று வந்த 'கூம்' என்னும் சொல்லில் ஆங்கில உயிரெழுத்து ஒன்றுகூட இல்லை; பனியாறு குடைந்த மலைக்குடைவுக்கு அது பெயராதலால், எவரெஸ்டின் மேற்குச் சரிவிலுள்ள குடைவுக்கு 1921-இல் மாலரி அப்பெயரையே சூட்டினார். இதற்கு நேர் எதிராக உயிரெழுத்துகளாலேயே ஆனது 'யுவோவே'. மத்திய காலத் துறவிகள் தோத்திரப் பாடலின் முடிவிலுள்ள லத்தீன் சொற்களின் மெய்களை நீக்கி, உயிர்களை மாத்திரம் இசைக்குறிப்பாக ஏட்டில் எழுதிக்கொண்டனர். அதுவே ஆறெழுத்துச் சொல்லாயிற்று. 'யூ' இல்லாமல் 'க்யூ'வைச் செலவழிக்கும் சங்கடத்தைத் தீர்க்க அரபியும் பாரசீகமும் வந்து நிற்கின்றன. நம்மூர்ப் பக்கிரியும் காஜியும் கவ்வாலிப் பாடகரும் அங்கே மதிப்புமிக்க விருந்தினர். 1982-இல் மான்செஸ்டரில் கார்ல் கோஷ்நா என்பவர் ஒரே ஆட்டத்தில் ஒரே சொல்லுக்கு 392 மதிப்பெண் பெற்றது 'கஸீக்ஸ்' என்ற சொல்லால். மேற்கிந்தியப் பூர்வகுடித் தலைவர்களைக் குறிக்கும் அச்சொல்லை அவர் எங்கேனும் உரையாடலில் பயன்படுத்தியிருப்பார் என்று நம்புவது கடினம்.

தமிழுக்கும் இக்களஞ்சியத்தில் ஒரு சிறு பங்கு உண்டு. 1886-இல் ஹென்றி யூலும் ஆர்தர் பர்னலும் தொகுத்த 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்', இந்தியாவில் வழங்கிய ஆங்கிலத்தின் அகராதி. சென்னை ராஜதானியில் உத்தியோகம் வகித்து, தஞ்சை அரண்மனைச் சுவடிகளுக்கு அட்டவணை எழுதிய பர்னல், அது அச்சேறுவதற்குள் காலமானார். துபாஷும் பாளையக்காரரும் கச்சேரியும் பந்தலும் அந்நூலில் நிரம்பக் காணலாம். கும்பினிக் காலத்து ஆங்கிலேயரோடு அவற்றிற் பல மறைந்தன, சில மறையவில்லை. கஞ்சியும் சுருட்டும் தோப்பும் ஆங்கில உருவம் பூண்டு இன்று ஸ்கிராபிள் பலகையில் செல்லுகின்றன.

இவ்வளவும் கேட்கும்போது ஸ்கிராபிள் ஆட்டக்காரர் பழஞ்சொல்லின் போஷகர் என்ற எண்ணம் எழலாம். எனக்கு அந்த எண்ணம் நீடிக்கவில்லை. நியூசிலாந்தைச் சேர்ந்த நைஜல் ரிச்சர்ட்ஸ் ஆங்கிலத்தில் பன்முறை உலக வெற்றி பெற்றவர். 2015-இல் பிரெஞ்சு மொழியிலும், 2024-இல் ஸ்பானிய மொழியிலும் உலகப் போட்டிகளை வென்றார். அவ்விரு மொழிகளையும் அவர் பேசுவதில்லை. அவருடைய ஞாபக சக்தி வியக்கத்தக்கதென்பதில் ஐயமில்லை. அந்த வெற்றியால் வெளிப்பட்ட உண்மையோ, விளையாட்டுக்கு வேண்டியது எழுத்துகளின் வரிசையே, பொருளன்று என்பது. இவ்வுண்மையை ஆட்டக்காரரே வாய்விட்டுச் சொன்ன சந்தர்ப்பங்களும் உண்டு. 1990-களில் அமெரிக்காவிலும், 2020, 2021-ஆம் ஆண்டுகளில் இரு பட்டியல்களிலும், இனங்களையும் மதங்களையும் இழித்துரைக்கும் சொற்களை நீக்கியபோது, பலகைமேல் ஏறிய சொல்லுக்குப் பொருளே கிடையாது, அது மதிப்பெண் தரும் சாதனம் மட்டுமே என்று அவர்களிற் பலர் வாதித்தனர். வசை என்னும் வாயில் வழியாகத்தான் பொருள் அந்த மண்டபத்துக்குள் நுழைய முடிந்தது என்பது சிந்திக்கத் தக்கது.

பொருளைக் கைவிடாத விளையாட்டுகள் வேறு உள. குறுக்கெழுத்துப் புதிர் 1913 டிசம்பர் 21-ஆம் தேதி 'நியூயார்க் வேர்ல்டு' பத்திரிகையில் ஆர்தர் வின் என்பவரால் பிறந்து, இங்கிலாந்துக்குச் சென்று வேறு குணம் பெற்றது. 'அப்சர்வர்' பத்திரிகையில் 1926 முதல் டார்க்கமாடா என்ற புனைபெயருடன் புதிர் அமைத்தவர் கவிதை மொழிபெயர்ப்பாளரான எட்வர்டு போவிஸ் மாதர்ஸ். அவர் 1939-இல் மறைந்தபின், செம்மொழிகள் கற்பித்த ஆசிரியர் மக்னட், ஸிமெனிஸ் என்ற பெயரில் 1971 வரை அமைத்தார். அடுத்த ஆண்டில் ஜானத்தன் கிரௌதர், ஏஸெட் என்ற பெயருடன் அப்பணியை ஏற்றார். மூவரும் ஸ்பெயின் தேசத்து மதவிசாரணைத் தலைவர்களின் பெயர்களை எடுத்துக்கொண்டது, வாசகனைச் சித்திரவதை செய்வதே தம் தொழில் என்ற ஹாஸ்யத்தால். ஆனால் ஸிமெனிஸ் விதித்த தர்மம் கண்டிப்பானது: ஒவ்வொரு குறிப்பிலும் விடைச்சொல்லின் திருத்தமான பொருள் இருக்கவேண்டும், அதை அடையும் நியாயமான எழுத்துவழி ஒன்று இருக்கவேண்டும், இவ்விரண்டுக்கும் மேற்பட்டு எதுவும் இருத்தலாகாது. கட்டங்களை நிரப்ப ஸ்பென்சரின் சொல்லையோ ஸ்காட்லாந்துச் சொல்லையோ அவர்கள் எடுத்தபோதெல்லாம், தீர்ப்பவன் சேம்பர்ஸைத் திறந்து, எழுத்துவழியாக ஊகித்த உருவத்துக்குப் பொருள் பொருந்துகிறதா என்று சரிபார்த்தே தீரவேண்டும். இங்கே சொல் தன் முழுச் சொரூபத்துடன் வருகிறது.

1965-இல் பிபிசி தொடங்கிய 'கால் மை பிளஃப்' நிகழ்ச்சியும் பொருளையே பணயமாக வைத்தது: ஓர் அருஞ்சொல்லுக்கு மூவர் மூன்று பொருள் கூறுவர், இரண்டு பொய், ஒன்று மெய், கேட்பவர் மெய்யைக் கண்டுபிடிக்கவேண்டும். அந்தப் பொய்களைப் புனைவதற்கே நல்ல மொழியறிவு வேண்டும்.

சதுரச் சொல்லணிக்காரரைப் பற்றியும் ஒரு வார்த்தை. இடமிருந்து வலமும் மேலிருந்து கீழும் ஒன்றே போலப் படிக்கும்படி சொற்களை அடுக்கும் இக்கலை மிகப் பழையது, கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதையுண்ட பாம்பேயி நகரிலேயே ஐந்து லத்தீன் சொற்களால் ஆன சதுரம் கிடைத்திருக்கிறது. அவற்றுள் 'அரெப்போ' என்பதற்கு வேறெங்கும் ஆட்சியில்லை. இடத்தை நிரப்ப வேண்டி அக்காலத்துப் புலவன் ஒருவன் ஆக்கியதாகவே பலர் எண்ணுகின்றனர். 1968-இல் திமித்ரி போர்க்மன் ஆசிரியராயிருந்து தொடங்கிய 'வேர்டு வேஸ்' சஞ்சிகையில், ஒன்பதும் பத்துமான பெருஞ்சதுரங்களை அமைக்க முயன்றவர்கள் அகராதிகளின் அடித்தட்டு முழுவதையும் துழாவினர். பயன் சொற்பமே, பொருள் விளங்காச் சொற்களால் நிரம்பிய சதுரத்தைப் பார்க்கும்போது உழைப்பை மதிக்கத் தோன்றுகிறதேயன்றி உவகை எழுவதில்லை.

இறந்த சொல் மீண்டும் மக்கள் நாவில் ஏறுமா என்பதற்கு நம்பிக்கையூட்டும் சான்றுகள் மிகுதியில்லை. 2008-இல் காலின்ஸ் நிறுவனத்தார் அகராதியினின்று நீக்கக் கருதிய சொற்களில் சிலவற்றைப் பொதுமக்கள் முன் வைத்தபோது, அரசவைக் கவிஞராயிருந்த ஆண்ட்ரூ மோஷன், பறவை பறக்கும்போது சிறகுகள் எழுப்பும் ஓசையாகிய 'ஸ்கிர்' என்பதற்காக வாதாடினார். 15-ஆம் நூற்றாண்டின் ஒரே ஆட்சியால் அறியப்பட்ட, அவநம்பிக்கைக்குப் பின் திரும்பிவரும் நம்பிக்கையைக் குறிக்கும் 'ரெஸ்பேர்' என்பதை, தொலைக்காட்சியின் சொல் விளையாட்டு நிகழ்ச்சியில் அகராதியோடு அமர்ந்திருக்கும் சூஸி டென்ட் அம்மையார் பலமுறை எடுத்துச் சொல்லிப் பலர் அறியச் செய்திருக்கிறார். இவை சிறு முயற்சிகள்தாம். ஆயினும் மீட்சி பெற்ற சொற்கள் எல்லாம் பொருளால் மீண்டவையே என்பதைக் கவனிக்கவேண்டும். 'அப்ரிசிட்டி'யை இன்று சிலர் ஆள்வது குளிர்கால வெயிலில் நின்றமையால். அதன் எழுத்துகளுக்கு எத்தனை மதிப்பெண் என்று அறிந்தமையால் அன்று.

ஆகவே என் தீர்ப்பு ஏஸெட்டின் பக்கமே. ஸ்கிராபிள் ஆட்டத்தை இகழ்வது என் நோக்கமன்று. அதன் கணித நுட்பத்துக்கும் நினைவாற்றலுக்கும் உரிய மரியாதை உண்டு, அது இல்லாவிடின் பலர் அகராதியின் பக்கத்திற்கே வந்திருக்கமாட்டார்கள். ஆனால் பழஞ்சொல்லைக் காப்பாற்றுகிறது என்ற புகழ் அதற்கு உரியதன்று. அது காப்பது எழுத்துக்கூட்டை மட்டுமே. ஆங்கிலச் சொல் விளையாட்டில் பயிலும் நம் இளைஞர்க்கு நான் சொல்வது இவ்வளவே: குறுஞ்சொற்களின் பட்டியலை நெட்டுருச் செய்யும்போது, ஒவ்வொன்றின் எதிரிலும் அது எந்த ஊரார் வாயில் எப்பொருளில் வழங்கியது என்று ஒருவரி எழுதிக்கொள்ளுங்கள். ஆக்ஸ்போர்டு அகராதி ஒருமுறை ஏற்ற சொல்லைப் பின்னர் நீக்குவதில்லை என்ற நியதியுடையதாதலால், தேடிப் போகும்போது அவை அங்கேயே இருக்கும்.